‘மெடிக்கல் மாத்திரைதானே?’ – ஒரு அக்காவின் கேள்விக்கு

கேள்வி: என் தம்பி மகனுக்கு 19 வயது, பாலிடெக்னிக் படிக்கிறான். துவைக்கப் போட்ட பேன்ட்டில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. 10 மாத்திரையில் 6 காலி. அட்டையில் ‘டேப்பன்டடால் 100’ என்று போட்டிருந்தது. கூடவே இன்சுலின் போடுகிற மாதிரி ஒரு சின்ன சிரிஞ்ச். கேட்டால் முதுகுவலி என்கிறான். தம்பியோ, “கஞ்சாவா அடிக்கிறான்? மெடிக்கல் மாத்திரைதானே, விடு” என்கிறான். எந்தெந்தப் போதை உடம்பை என்ன செய்யும்? எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்? வீட்டில் என்ன செய்வது?

பதில்:

அக்கா, முதலில் உங்கள் தம்பிக்கு ஒரு வார்த்தை. கஞ்சாவா இந்த மாத்திரையா, எது இன்று ராத்திரியே உயிரை எடுக்கக்கூடியது என்று என்னைக் கேட்டால், நான் மாத்திரையைத்தான் காட்டுவேன். பக்கத்தில் சிரிஞ்சும் இருந்தால் யோசிக்கக்கூட மாட்டேன். கஞ்சாவுக்கு நான் நற்சான்று கொடுக்கவில்லை, அதற்கும் வருகிறேன்.

நான் மருந்தாளுநர். பல வருடம் மருந்துக் கவுன்ட்டரில் நின்றேன், அப்புறம் ஒரு போதை மீட்புப் பிரிவில் மாத்திரை கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அந்த ஜன்னலில் நான் கற்றது இதுதான்: போதைப் பொருளின் பெயரை மட்டும் வைத்து ஆபத்தை அளக்க முடியாது. அது எந்த வழியாக உள்ளே போகிறது, கூட எதைக் கலக்கிறார்கள், எந்த வயதில் தொடங்கினார்கள், எப்படி நிறுத்துகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நான் பார்த்த சாவுகளில் பலவற்றுக்குக் கலந்ததோ திடீரென்று நிறுத்தியதோதான் காரணம்.

சரி, உங்கள் கையில் இருக்கும் அட்டையிலிருந்தே தொடங்குவோம்.

டேப்பன்டடால் வலி மாத்திரைதான், ஆனால் பாராசிட்டமால் ரகம் இல்லை. அபினிலிருந்து வரும் மார்ஃபினும் ஹெராயினும் மூளையில் எந்தப் பூட்டைத் திறக்கின்றனவோ, அதே பூட்டைத் திறக்கும் சாவி இது. ‘ஓபியாய்டு’ என்று சொல்வார்கள். பலத்தில், டிரமடால் என்ற இன்னொரு வலி மருந்துக்கும் மார்ஃபினுக்கும் நடுவில் நிற்கும். அமெரிக்காவில் 2008இல் அனுமதி பெற்றது, இந்தியாவுக்கு 2011இல் வந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய கடும் வலிக்கும் சர்க்கரை நோயில் வரும் நரம்பு வலிக்கும் நல்ல மருந்து. அதன் அண்ணன் மாதிரியான டிரமடாலை 2018இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். டேப்பன்டடால் அதன்பிறகும் பல வருடம் அந்தச் சட்டத்துக்கு வெளியே, டாக்டர் சீட்டுக்கு மட்டும் விற்க வேண்டிய சாதாரண மாத்திரையாகவே இருந்தது. ஒரு கதவைச் சாத்தினால் கூட்டம் அடுத்த கதவுக்குப் போகும். எங்கள் தொழிலில் சிலர் அந்தக் கதவை முழுசாகவே திறந்து வைத்தார்கள் என்பதையும் வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன்.

ஓபியாய்டுகள் வலியைக் குறைக்கும்போது இதமான ஒரு மந்தத்தையும் தரும். கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும். மலம் கட்டும். மூக்கும் முகமும் அரிக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே தலை தொங்கும், கூப்பிட்டால் நிமிர்ந்து ‘ம்’ என்று சொல்லிவிட்டு மறுபடி தொங்கும். இதெல்லாம் வெளியே தெரிவது. உள்ளே, மூளைத்தண்டில் ‘மூச்சு விடு’ என்று உத்தரவு போடும் இடமும் மந்தமாகிறது. அளவு மீறும்போது இதயத்துக்கு முன்னால் மூச்சுதான் நிற்கும். அதுவும் சத்தமே இல்லாமல், தூங்குகிற மாதிரி. “நல்லா குறட்டை விட்டுத் தூங்கினான், எழுப்ப வேண்டாம்னு விட்டுட்டோம்” என்று அழுத ஒரு அப்பாவை எனக்குத் தெரியும். அந்தக் குறட்டை தூக்கத்தின் குறட்டை இல்லை, அடைத்த தொண்டை கொர கொர என்று இழுக்கும் சத்தம்.

இப்போது சிரிஞ்ச். வாய் வழியாகப் போன மாத்திரை குடலில் கரைந்து, கல்லீரலில் கொஞ்சம் அழிந்து, மெதுவாக ஏறும். நரம்பில் போட்டால் சில நொடிகளில் மூளைக்குப் போய்விடும். வேகமாக ஏறுவதையும் சட்டென்று இறங்குவதையும்தான் மூளை மனப்பாடம் செய்துகொள்கிறது. தென் அமெரிக்க மலைவாசிகள் ஆயிரக்கணக்கான வருடங்களாகக் கோக்கா இலையை மென்றிருக்கிறார்கள். அதே இலையின் சாரத்தைக் கோக்கெய்ன் என்ற தூளாக்கி மூக்கில் இழுத்தபோதும் புகையாக்கி உறிஞ்சியபோதும் அது வேறு மிருகமாகிவிட்டது. பொருள் ஒன்றுதான், பாதை வேறு.

இன்னொன்று. மாத்திரையில் மருந்து ஒரு பங்குதான். மீதி, மாத்திரைக்கு உருவம் கொடுக்கும் செல்லுலோஸ், மாவு, டால்க் மாதிரியான சேர்மானங்கள். அவை வயிற்றுக்கென்று செய்தவை. ரத்தத்தில் கரையாது, எப்படி வடிகட்டினாலும் முழுசாகப் போகாது. நரம்பில் ஏறினால் நேராக நுரையீரலின் மயிரிழைக் குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். பல மாதம் இப்படி நடந்தால் மாடிப்படி ஏற மூச்சு வாங்கும், 20 வயதில். தோலில் சீழ்க்கட்டி வரும். கிருமி ரத்தத்தோடு போய் இதய வால்வில் உட்கார்ந்தால் வாரக்கணக்கில் காய்ச்சல் அடிக்கும், சிலருக்கு வால்வையே மாற்ற வேண்டிவரும். நரம்பு என்று நினைத்துத் தமனியில் குத்திவிட்டால் விரல் கறுத்து அழுகும். ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி.யும் ஹெபடைட்டிஸ் சி-யும். நல்ல செய்தி, ஹெபடைட்டிஸ் சி இப்போது சுமார் 3 மாத மாத்திரையில் பெரும்பாலும் குணமாகிறது, அரசு மருத்துவமனைகளில் இலவசத் திட்டமும் இருக்கிறது. எச்.ஐ.வி. பரிசோதனைக்கு அரசு மருத்துவமனையில் ‘நம்பிக்கை மையம்’ என்று கேளுங்கள். கடந்த 3 நாளுக்குள் இன்னொருவர் ஊசியைப் போட்டிருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் தடுக்கும் மருந்து உண்டு.

இது புதிய கதையும் இல்லை. 1990களில் சென்னையில் ஹெராயின் பழகியவர்கள் பலர் புப்ரெனார்ஃபின் என்ற வலி மருந்தை ஊசியாகப் போட ஆரம்பித்தார்கள். இப்போது அதே புப்ரெனார்ஃபினைத்தான் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையாக, ஓபியாய்டு பழக்கத்திலிருந்து மீட்கும் சிகிச்சைக்குக் கொடுக்கிறோம். பாதையும் அளவும் மாறியதால் விஷமாக இருந்தது மருந்தாகிவிட்டது.

கலப்புதான் எனக்கு அதிகப் பயம். ஓபியாய்டு மூச்சைக் குறைக்கும். சாராயமும் குறைக்கும். அல்பிரசோலம், நைட்ரசிபாம் மாதிரித் தூக்க மாத்திரைகளும் குறைக்கும். தனித்தனியாகத் தாங்கிய அளவுகள் சேரும்போது தாங்காது. “ரெண்டு மாத்திரை, ஒரு பீர், அவ்வளவுதான்” என்று நண்பர்கள் சொல்வார்கள். அந்த ‘அவ்வளவுதான்’ போதும். டேப்பன்டடாலுக்கும் டிரமடாலுக்கும் இன்னொரு குணம், வலிப்பு வரவைக்கும். சில மனச்சோர்வு மாத்திரைகளோடு சேர்ந்தால் உடம்பு கொதித்து, கைகால் துடித்து, நினைவு தடுமாறும்.

அடுத்து, தம்பி கேட்காமலே விட்ட ஒன்று: அவர் கையில் இருக்கக்கூடிய கிளாஸ்.

2019இல் எய்ம்ஸின் தேசியப் போதைச் சிகிச்சை மையம் நாடு முழுவதும் எடுத்த கணக்கெடுப்பின் முடிவு வந்தது. 10 முதல் 75 வயதுக்குள் மது குடிப்போர் 14.6 சதவீதம், அதாவது சுமார் 16 கோடிப் பேர். கஞ்சா, பாங்கு வகைகள் 2.8 சதவீதம். ஓபியாய்டு 2.1 சதவீதம், அதில் ஹெராயினுக்கு அடுத்த இடம் மருந்துக்கடை ஓபியாய்டுகளுக்கு. ஊசி போடுவோர் சுமார் 8.5 லட்சம். பயத்தில் முதலிடம் கஞ்சாவுக்கு, எண்ணிக்கையில் முதலிடம் மதுவுக்கு.

ஒரு கணக்கு போடுவோம். ஒரு குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம் ஆல்கஹால். அதில் சுத்த ஆல்கஹால் மட்டும் சுமார் 60 கிராம். கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் எரிக்கும். ராத்திரி 11 மணிக்கு ஒரு குவார்ட்டர் முடித்தவர் விடிகாலை 5 மணிக்கு வண்டி எடுத்தால் ரத்தத்தில் இன்னும் மது மிச்சமிருக்கக்கூடும், அவருக்கே தெரியாது. “பீர்தானே” என்பவர்களுக்கு: 8 சதவீத ஸ்ட்ராங் பீர் ஒரு பாட்டிலில் 40 கிராமுக்கு மேல் இருக்கிறது. குவார்ட்டரில் மூன்றில் இரண்டு பங்கு.

கல்லீரல் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். நிறுத்தும்போது ஏற்படும் ஆபத்து பலருக்குத் தெரியாது. தினமும் குடித்து, காலையில் கை நடுங்கி, ஒரு கட்டிங் போட்டால்தான் நடுக்கம் நிற்கும் நிலையில் இருப்பவர், திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும்? முதல் நாளே நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் நடுவில் சிலருக்குச் சித்தம் கலங்கும். சுவரில் பூச்சி ஊரும், இல்லாத ஆளோடு பேசுவார், காய்ச்சல் அடிக்கும். சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகலாம். கார்த்திகை மாதம் எங்கள் வார்டில் இது தனி சீசன். மாலை போட்ட அன்றே மொத்தமாக நிறுத்தியவர், கறுப்பு வேட்டியோடு வலிப்பில் வருவார். “சாமி கோவம்” என்பார்கள் வீட்டில். சாமிக்கு இதில் சம்பந்தமில்லை, மூளை இத்தனை வருடம் மதுவின் மந்தத்துக்கு எதிராக ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பழகியிருக்கிறது. பிரேக்கைத் திடீரென்று எடுத்தால் வண்டி பாயும். மாலை போடுவது நல்ல காரியம். அதற்கு 10 நாள் முன்னால் டாக்டரைப் பார்த்து, படிப்படியாகக் குறைக்கும் மாத்திரை வாங்கிக்கொண்டு போட்டால் இன்னும் நல்லது.

அதோடு ஒட்டிய இன்னொரு தவறு: மயங்கிக் கிடக்கும் குடிகாரருக்கு உடனே குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவது. நெடுநாள் குடித்தவர் உடம்பில் பி1 வைட்டமின் காலியாக இருக்கும். அதைப் போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மிச்சமிருக்கும் கொஞ்சமும் செலவாகி, கண் அசைவு தடுமாறி, நடை தள்ளாடி, ஞாபகமே நிரந்தரமாகப் போய்விடக்கூடும். “பி1 ஊசி போட்டாச்சா?” என்று நீங்கள் கேட்டால் நல்ல டாக்டர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பஸ் ஸ்டாண்ட் சுவரில் ‘அவருக்குத் தெரியாமலே குடியை மறக்க வைக்கலாம்’ என்று ஒட்டியிருப்பார்கள். சாம்பாரில் கலந்து கொடுக்கும் அந்தப் பொடிகளில் சிலவற்றில் டைசல்ஃபிராம் இருக்கக்கூடும். மது உடையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடை உடம்பு வெளியேற்ற விடாமல் தடுக்கும் மருந்து அது. குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழும். குடிப்பவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு சாப்பிட்டால் அந்தப் பயமே காப்பாற்றும். தெரியாமல் கொடுத்தால் குடித்த இடத்திலேயே விழுவார், ஏன் விழுந்தார் என்று ஆஸ்பத்திரியிலும் தெரியாது.

கள்ளச்சாராயத்தை இதோடு சேர்க்கக் கூடாது, அது வேறு விஷம். 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பக்கம் 20 பேருக்கு மேல். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60க்கும் அதிகமானோர். அங்கே கொன்றது மெத்தனால் என்ற தொழிற்சாலை ஆல்கஹால். குடித்த உடனே ஒன்றும் தெரியாது, பல மணி நேரம் கழித்துத்தான் வயிற்றுவலியும், பனிமூட்டத்துக்குள் பார்க்கிற மாதிரிக் கண் மங்கலும் வரும். உடம்பு அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றும். எறும்பு கடித்தால் எரிகிறதே, அதே அமிலம் பார்வை நரம்பைத் தின்னும். கண் மங்குகிறது என்ற நிமிடமே டயாலிசிஸ் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். போலீசுக்குப் பயந்து வீட்டில் படுத்திருந்தவர்கள்தான் எப்போதும் அதிகம் இழக்கிறார்கள்.

கஞ்சாவுக்கு வருவோம். இங்கே உண்மையைச் சொல்லித் தொடங்க வேண்டும், ஏனென்றால் பையன்கள் நம்மைவிட அதிகம் படித்துவிட்டு வருகிறார்கள். கஞ்சாவின் அளவு மீறி மூச்சு நின்று செத்தவர்கள் கிட்டத்தட்ட இல்லை. மூளைத்தண்டின் மூச்சுப் பகுதியில் அதற்கான பூட்டுகள் மிகக் குறைவு. “ஒரு இழுப்பில் செத்துப் போவாய்” என்று மிரட்டினால், அது பொய் என்று அவனுக்குத் தெரியும். அப்புறம் மாத்திரையைப் பற்றி நாம் சொல்லும் உண்மையையும் நம்ப மாட்டான். நம் விழிப்புணர்வுப் பிரசாரங்கள் பல தோற்பது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் எங்கே ஆபத்து? மூளையில். 1964இல் இஸ்ரேலில் மெக்கூலமும் காவோனியும் கஞ்சாவின் போதைச் சத்தான டி.எச்.சி.யைப் பிரித்தெடுத்தார்கள். 1992இல் மெக்கூலமின் ஆய்வுக்கூடம், நம் மூளையே சுரக்கும் அதே மாதிரியான பொருளைக் கண்டுபிடித்து ‘ஆனந்தமைடு’ என்று பெயர் வைத்தது. நம் ‘ஆனந்தம்’தான். அந்த ஆனந்தச் சுரப்பு, வளரும் மூளையில் எந்த நரம்பு எதோடு இணைய வேண்டும் என்பதிலும் பங்கெடுக்கிறது. மூளையின் முன்பகுதி, அதாவது யோசித்து நிறுத்தும் பகுதி, 20களின் நடுவில்தான் முதிர்கிறது. 15 வயதில் தினமும் புகைப்பது, பூசும்போதே சுவரில் ஆணி அடிக்கிற மாதிரி.

ஸ்வீடனில் ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது பதிவான சுமார் 45,000 இளைஞர்களைப் பின்தொடர்ந்து 1987இல் ஒரு ஆய்வு வெளியானது. 50 தடவைக்கு மேல் கஞ்சா புகைத்திருந்தவர்களுக்குப் பிற்பாடு மனச்சிதைவு நோய் வந்தது, புகைக்காதவர்களைப்போல் 6 மடங்கு. அதற்கப்புறம் வந்த ஆய்வுகள் அந்த 6-ஐக் கொஞ்சம் குறைத்தன, ஆனால் தொடர்பு பொய் என்று சொல்லவில்லை. குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்தால் கஞ்சா அந்த வீட்டுப் பிள்ளைக்கு மற்றவர்களைவிட ஆபத்து. “டிவில என்னைப் பத்திப் பேசுறாங்க” என்று வந்த பையனை ‘காத்து கருப்பு’ என்று ஒரு வருடம் சுற்ற வைத்துவிட்டு எங்களிடம் கூட்டி வந்தார்கள். அந்த ஒரு வருடம்தான் வீணானது.

புகைப்பவர்களில் சுமார் பத்தில் ஒருவர் விட முடியாத நிலைக்குப் போகிறார், பதின்ம வயதில் தொடங்கினால் ஆறில் ஒருவர். விட்டால் எரிச்சல், தூக்கமின்மை, கெட்ட கனவு, பசியின்மை இரண்டு வாரம் இருக்கும், உயிருக்கு ஆபத்தில்லை. விசித்திரமான ஒன்றும் உண்டு. வருடக்கணக்கில் தினமும் இழுத்தவர்களில் சிலர் நிற்காமல் வாந்தி எடுப்பார்கள், சுடுதண்ணீரில் குளித்தால் மட்டும் நிற்கும். ஒரு நாளைக்கு 5 தடவை வெந்நீர் போடும் பையனுக்கு எண்டோஸ்கோப்பி மட்டும் எடுத்துப் பிரயோசனமில்லை.

ஐஸ் என்கிற மெத்தம்பெட்டமைன் இப்போது நம் ஊர்களிலும் புழங்குகிறது, இலங்கையிலும் இதே பெயர்தான். 1893இல் ஜப்பானில் நாகாய் என்ற வேதியியலாளர் முதலில் தயாரித்தது. இது ஓபியாய்டுக்கு நேர் எதிர்: கண்மணி விரியும், பசி போகும், இரண்டு மூன்று நாள் தூங்காமல் ஓடலாம். மூளை, இன்பத்தை உணரவைக்கும் டோபமைனைச் சேமித்து வைத்திருக்கும் பைகளை மொத்தமாகக் கவிழ்த்துவிடும். அதன்பின் பல வாரங்களுக்குச் சாப்பாடு, பாட்டு, காதல் எதுவும் ருசிக்காது. இரவில் ஜன்னலைத் திறந்து திறந்து பார்ப்பான், போன் ஒட்டுக்கேட்கப்படுகிறது என்பான், தோலுக்குள் பூச்சி ஊர்வதாகச் சொறிந்து புண்ணாக்குவான். இதயத் துடிப்பு கோளாறு, பக்கவாதம் இளவயதிலேயே வரும். ஓபியாய்டுக்கும் மதுவுக்கும் புகையிலைக்கும் உதவ மருந்துகள் உண்டு. ஐஸுக்கும் கஞ்சாவுக்கும் இன்றுவரை அப்படிச் சொல்லிக்கொள்ள மாத்திரை இல்லை, ஆலோசனை சிகிச்சைதான் கை கொடுக்கிறது. அதிலும் நாள் பிடிக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒயிட்னர், பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், பெயின்ட் தின்னர்: அந்த 2019 கணக்கெடுப்பில் பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகம் காணப்பட்ட ஒரே போதை இதுதான், அவர்களில் 1.7 சதவீதம். முதல் தடவை முகரும்போதே இதயம் தடுமாறி விழுந்துவிடலாம். குறிப்பாக, முகர்ந்த கையோடு யாராவது விரட்டினால். எனவே பிடித்தால் துரத்தாதீர்கள், அதட்டாதீர்கள், உட்கார வைத்துக் காற்றுப் பட விடுங்கள். உதட்டுக்குள் ஒதுக்கும் கூல் லிப், ஹான்ஸ் வகைகளை யாரும் போதையாகவே எண்ணுவதில்லை. குட்கா, பான் மசாலா 2013லிருந்து தமிழ்நாட்டில் தடை, பள்ளிக்கூட வாசலில் பாக்கெட் பொறுக்கினால் தடையின் லட்சணம் தெரியும். வாய் திறக்கும் அளவு குறைந்துகொண்டே வந்தால், மூன்று விரலைச் செங்குத்தாக நுழைக்க முடியவில்லையென்றால், பல் டாக்டரிடம் உடனே காட்டுங்கள், புற்றுநோய்க்கு முந்தைய கட்டமாக இருக்கலாம். இல்லாத காட்சிகளைக் காட்டும் எல்.எஸ்.டி. ஸ்டாம்ப்பும் கொடைக்கானல் காளானும் பழக்கமாக ஒட்டிக்கொள்வது குறைவு. ஆனால் மனநோய் உள்ளே உறங்குபவனை எழுப்பிவிடும், காளானில் விஷக்காளான் எது என்று விற்பவனுக்கும் தெரியாது. எக்ஸ்டசி எனப்படும் எம்.டி.எம்.ஏ., கூட்டத்தில் ஆடும்போது உடம்புச் சூட்டை ஆபத்தான அளவுக்கு ஏற்றும்.

சரி, வீட்டில் என்ன செய்வது?

பலர் முதலில் மெடிக்கலில் சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டை வாங்கி வருகிறார்கள். உங்கள் விஷயத்தில் அது ஏமாற்றும். சாதாரண ஓபியேட் (அபின் வகை) பட்டை மார்ஃபினைத்தான் பிடிக்கும். டேப்பன்டடால் செயற்கை மருந்து, அதில் மாட்டாது. ‘நெகட்டிவ்’ என்று வந்து, தம்பி நிம்மதியாகி, பையன் இன்னும் தைரியமாகிவிடுவான். எதிர்ப்பக்கமும் உண்டு: முந்தின நாள் கசகசா அரைத்த குருமாவை ஒரு வெட்டு வெட்டியிருந்தால் ஒன்றும் அறியாதவனுக்கே பாசிட்டிவ் காட்டக்கூடும். கஞ்சாவோ கொழுப்பில் தங்குவதால் தினம் புகைத்தவனுக்கு நிறுத்தி 3, 4 வாரம் ஆகியும் தெரியும். நிஜமாகவே நிறுத்தியவனை அந்தப் பட்டையை வைத்துப் பொய்யன் ஆக்கிவிடாதீர்கள்.

பட்டையைவிட, ஊசியைப் பற்றி நேராகக் கேட்பது மேல். கத்தாமல், அப்பா இல்லாத நேரத்தில், நீங்களே கேளுங்கள். அத்தையிடம் சொல்வதைப் பல பையன்கள் அப்பாவிடம் சொல்ல மாட்டார்கள். “எடுக்கிறியா?” என்றால் இல்லை என்பான். “தனியா இருக்கும்போது போடுறியா? வேற யாரோட ஊசியாவது போட்டியா? கூடக் குடிக்கிறியா?” என்று கேளுங்கள். உங்களுக்குத் தெரியும் என்பது அவனுக்குப் புரியும், நீங்கள் பயப்படுவது மானத்துக்கு இல்லை, அவன் உயிருக்கு என்பதும் புரியும்.

பூட்டி வைத்து விட வைக்கலாமா? ஓபியாய்டை நிறுத்தினால் மூக்கு ஒழுகும், கொட்டாவி, மயிர்க்கூச்சம், வயிற்றுப்போக்கு, எலும்பைப் பிழிகிற வலி. ஒரு நாளுக்குள் தொடங்கி, 2, 3 நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்தில் தணியும். மதுவைப் போல இந்த நிறுத்தம் சாதாரணமாகக் கொல்லாது. கொல்வது அதற்கு அப்புறம். இரண்டு வாரம் நிறுத்தியதும் உடம்பின் தாங்கும் சக்தி போய்விடும், ஆனால் கை பழைய கணக்கிலேயே எடுக்கும். மறுவாழ்வு இல்லத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வந்த முதல் சில வாரங்களில்தான் அதிகம் சாகிறார்கள். புப்ரெனார்ஃபின் சிகிச்சையில் தொடர்ந்து இருப்பவர்களுக்குச் சாவு ஆபத்து பாதிக்கும் கீழே குறைகிறது. “ஒரு போதைக்கு இன்னொரு போதையா” என்று சொந்தக்காரர் ஒருவர் கட்டாயம் கேட்பார். சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவரை அவர் அப்படிக் கேட்பதில்லை.

இல்லம் தேடும்போது கவனம். ஒரு தனியார் இல்லத்திலிருந்து எங்களிடம் வந்த பையனின் முதுகில் பெல்ட் தழும்பு எண்ண முடிந்தது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி பதிவு செய்த இடமா, டாக்டர் தினமும் வருகிறாரா, வாரம் ஒருமுறையாவது பையனைப் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். மூன்றில் ஒன்றுக்கு மழுப்பினாலும் வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் தொடங்குவது நல்லது. சென்னையில் 1980இலேயே சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. குடியால் கணவரை இழந்தவர் அவர். தேசிய உதவி எண் 14446, மனநலத்துக்கு 14416, இரண்டும் இலவசம்.

போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயம் உங்கள் கேள்வியில் எழுதப்படாமல் நிற்கிறது. 1985ஆம் வருடப் போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பழக்கத்துக்கு அடிமையானவர் பயன்படுத்திய குற்றத்துக்கோ, சிறிய அளவு வைத்திருந்த குற்றத்துக்கோ வழக்கில் சிக்கியிருந்தாலும், தானே முன்வந்து அங்கீகரித்த இடத்தில் முழுச் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. டாக்டரிடம் மாத்திரை அட்டையைக் காட்டினால் அவர் போலீசுக்குப் போன் போடுவார் என்று நினைக்க வேண்டாம். அவருக்கு அட்டை தேவை, எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று அதைப் பார்த்துத்தான் தெரியும்.

ஒருவேளை ஒருநாள் அவனை எழுப்ப முடியாவிட்டால்: உதடு நீலம், கண்மணி ஊசிமுனை, நிமிடத்துக்கு நாலைந்து மூச்சு என்றால், 108-க்கு அடித்து ‘மாத்திரை அதிகமாகிவிட்டது, மூச்சு குறைகிறது’ என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள். இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள், வாந்தி தொண்டைக்குப் போகாது. மூச்சே நின்றிருந்தால் மல்லாத்தி, 108-காரர் போனில் சொல்லச் சொல்ல வாய்வழியே மூச்சு கொடுங்கள். எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர், மோர் எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். ஆஸ்பத்திரியில், ஓபியாய்டை முறிக்கும் நலாக்சோன் ஊசி போட்டால் சில நிமிடத்தில் கண்ணைத் திறந்து, “எனக்கு ஒண்ணுமில்லை, வீட்டுக்குப் போறேன்” என்பான். விடாதீர்கள். அந்த ஊசியின் வேகம் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும், மாத்திரை அதற்குப் பிறகும் உடம்பில் இருக்கும். டாக்டர் போகலாம் என்று சொல்லும்வரை கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.

அந்த அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? போடவில்லையென்றால் மிச்சமிருக்கும் 4 மாத்திரையோடு ஒரு கவரில் போட்டு அவன் கைக்கு எட்டாமல் உங்களிடமே வைத்திருங்கள். சிரிஞ்சை ஒரு பழைய பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் போட்டு இறுக்கி மூடுங்கள், குப்பை பொறுக்குபவர் கையில் குத்தக் கூடாது. இரண்டையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். தம்பி வரமாட்டேன் என்றால் நீங்களும் பையனும் மட்டும் போனால் போதும், 19 வயது ஆகிவிட்டதால் ஓ.பி. சீட்டுக்கு அப்பா கையெழுத்து யாரும் கேட்க மாட்டார்கள்.